ஓவன் இல்லாத வீட்டுக் கேக்

போன மாதம் வாலிபர் ஐக்கியக் கூடுகை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, என் ரூம்ல ஓவன் கிடையாது. கிறிஸ்மஸுக்கு ஒண்ணும் சுட முடியாது, இல்ல?" படிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இரண்டு தட்டு உள்ள மின்னடுப்பு ஒன்றுதான் அவளுடைய சமையலறை. நான் நர்ஸ் வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷமும் அதே இரண்டு தட்டுதான். அவளுக்குச் சொல்லத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால், இதழுக்கே எழுதிக் கொடுக்கும்படி ஆகிவிட்டது.

முதலில் வேல்ஸ் நாட்டிலிருந்து தொடங்குகிறேன். வேல்ஸ் என்றதும் ஓய்வுநாள் பள்ளியில் படித்த மேரி ஜோன்ஸ் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். 1800ஆம் ஆண்டில், ஒரு வேதாகமம் வாங்குவதற்காக பாலா என்ற ஊருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நடந்துபோன 15 வயதுப் பெண். அவள் தகப்பன் நெசவாளி. அந்த மலைநாட்டு ஏழை வீடுகளில் சுவரோடு கட்டிய ஓவன் அரிது. தீக்கு மேலே ஒரு தட்டையான கல்லை வைத்து, அதில்தான் ரொட்டி சுட்டார்கள். பிற்பாடு கல்லின் இடத்தில் கனமான வார்ப்பிரும்புத் தட்டு வந்தது. ஆனாலும் பெயரில் கல் போகவில்லை. வெல்ஷ் கேக்குக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயர்களில் ஒன்றுக்கு "கல்லின்மேல் உள்ள கேக்குகள்" என்றே பொருள். நாம் இரும்பில் வார்த்தாலும் தோசைக்கல் என்று சொல்லுகிறோமே, அதே கதை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் சாதாரண வீடுகளுக்கு எட்டும் விலைக்கு வந்தன. அந்தக் கல்லில் சுட்ட ரொட்டிமாவில் கொழுப்பு, சர்க்கரை, திராட்சை, கொஞ்சம் ஜாதிக்காய் எல்லாம் சேர்ந்தன. தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளிகள் இதைச் சட்டைப் பையிலும் சாப்பாட்டு டப்பாவிலும் கொண்டுபோனார்கள். உடையாது, ஒழுகாது, கரி படிந்த கையாலும் ஒரு வாயில் தின்றுவிடலாம்.

எங்கள் வார்டில் சில மாதம் வேலை செய்த வேல்ஸ் நாட்டு சிஸ்டர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. 405 எண் கோதுமை மாவு 225 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, துருவிய ஜாதிக்காய் கொஞ்சம். இதில் 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் புட்டுமாவு போல உதிர்த்துவிட வேண்டும். பிறகு சர்க்கரை 75 கிராம், சிறிய கருந்திராட்சை 75 கிராம், ஒரு முட்டை. பிசையக் கூடாது, சேர்த்துப் பிடித்தால் போதும். அரை விரல்கடைக் கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டமாக வெட்டி, லேசாக வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மிகக் குறைந்த சூட்டில் பக்கத்துக்கு 3 அல்லது 4 நிமிஷம். தோசை ஊற்றும் சூட்டில் போட்டால் வெளியே கருகும், உள்ளே பச்சை மாவு இருக்கும். என் முதல் ஈடு அப்படித்தான் ஆயிற்று. அந்தக் கருந்திராட்சைக்கு ஜெர்மன் கடையில் கொரிந்தன் என்று பெயர். பவுல் நிருபம் எழுதினாரே, அதே கொரிந்து பட்டணத்தின் பெயர்தான்.

ஜெர்மனிக்கு வருவோம். வீட்டுக்கு வீடு ஓவன் உள்ள இந்த நாட்டில் அந்தக் காலத்தில் எப்படி என்று கேட்டால், இங்கேயும் கிராமத்துக்கு ஒன்றுதான். பாக்ஹவுஸ் என்ற பொதுச் சூளைவீடு. இன்றும் பல கிராமங்களில் சிறிய கல் கட்டடமாக நிற்கிறது. நடைப்பயணம் போகும்போது கவனித்துப் பாருங்கள். மர வீடுகள் நெருங்கி நின்ற ஊரில் வீட்டுக்கு வீடு சூளை வைத்தால் ஒரு பொறியில் தெருவே போய்விடும், விறகும் கட்டுப்படியாகாது. அதனால் குடும்பங்கள் முறைவைத்துச் சுட்டன. சில ஊர்களில் முறைக்குச் சீட்டுப் போட்டார்கள். ஏனென்றால் முதலில் போகிறவருக்குத்தான் நஷ்டம்: குளிர்ந்து கிடக்கும் சூளையைச் சூடாக்க அவர் விறகுதான் அதிகம் எரியும். பின்னால் வருகிறவர்கள் அந்தச் சூட்டிலேயே பாதி வேலையை முடித்துவிடுவார்கள்.

முறை வராத நாளில் இனிப்பு வேண்டுமென்றால் வீட்டு அடுப்பில் ஒரு சட்டியும் மூடியும்தான். இதில்தான் ஃபால்ஸ் பகுதியின் டாம்ப்நூடல் வருகிறது. பெயரைக் கேட்டு நூடுல்ஸ் என்று நினைக்காதீர்கள். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவு உருண்டை. கனமான இரும்புச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றி, உருண்டைகளை அடுக்கி, இறுக்கமாக மூடிவிடுவார்கள். தண்ணீர் ஆவியாகி மேல்பக்கத்தை வேகவைக்கும். தண்ணீர் வற்றியபின் அடிப்பக்கம் எண்ணெயில் பொரிந்து உப்புக் கரிக்கும் பொன்னிறப் பொருக்கு ஆகும். மேலே இட்லி, கீழே பணியாரம் என்று சொன்னால் நமக்குப் புரியும். நடுவில் மூடியைத் திறந்தால் உருண்டை அமுங்கிப் போகும். ஆகையால் கண்ணால் பார்த்துச் சுட முடியாது, காதால்தான் கேட்க வேண்டும். கொதிக்கும் சத்தம் மாறிச் சடசடவென்று பொரியும் சத்தம் வந்தால் இறக்கலாம்.

இதை எனக்குச் சொன்னது, நான் பராமரித்த ஒரு பாட்டி. அவர் சொன்ன இன்னொரு கதைக்காகவே ஒரு விடுமுறை நாளில் ஃப்ரெக்கன்ஃபெல்ட் என்ற கிராமத்துக்குப் போய்வந்தேன். தெற்கு ஃபால்ஸில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கம்.

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஃபால்ஸ் அதில் பாதிக்கும் மேற்பட்ட மக்களை இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. சுவீடன் ராஜா குஸ்தாவ் அடோல்ஃப் புராட்டஸ்டண்டுகளைக் காப்பாற்ற வந்தவர் என்றுதான் நம் சபைச் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். அவர் 1632இல் லூட்சன் போரில் இறந்தார். ஆனால் படைக்குச் சம்பளம் ஒழுங்காக வராது. பசித்த சிப்பாய்க்கு முன்னால் இருக்கிற கிராமம் எந்தச் சபை என்று கேட்க நேரமில்லை. இந்தப் பக்கத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை.

அந்தப் போரில் ஒரு நாள் சுவீடன் குதிரைப்படை ஃப்ரெக்கன்ஃபெல்டுக்குள் வந்து பெருந்தொகை கேட்டது, கொடுக்காவிட்டால் ஊரைக் கொள்ளையடிப்போம் என்றது. ஊரில் பணம் இல்லை. அப்போது யோகான்னஸ் முக் என்ற ரொட்டிக்காரர், பணத்துக்குப் பதிலாக எல்லாருக்கும் வயிறார டாம்ப்நூடல் போடுகிறேன் என்று முன்வந்தார். வீட்டாரோடு சேர்ந்து 1286 டாம்ப்நூடல் சுட்டு, ஒயின் சாறோடு பரிமாறினார். படை தின்றுவிட்டுப் போய்விட்டது. இதுதான் அந்த ஊர் வழங்கும் கதை. அதன் நினைவாக டாம்ப்நூடல் வாசல் என்று ஒரு கல் வளைவு அங்கே நிற்கிறது. உருண்டைக்கு ஒன்றாக 1286 புடைத்த கற்கள் பதித்தது என்கிறார்கள். நான் எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டேன்.

இது கதையா நடந்ததா என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் சொட்டு மருந்துக் கணக்குப் போட்டே பழகிய மூளை சும்மா இருக்கவில்லை. ஒரு சட்டிக்கு 7 உருண்டை என்றால் 184 ஈடு. பத்துச் சட்டி ஒரே நேரத்தில் வைத்தால் 19 சுற்று. சுற்றுக்கு அரை மணி நேரம் என்றால் ஒன்பதரை மணி. எங்கள் ஒரு டியூட்டியைவிட அதிகம். அவ்வளவு நேரமும் வாசலில் ஆயுதத்தோடு ஆட்கள், உள்ளே மூடியைத் திறக்காமல் காதைக் கொடுத்து நிற்கிற ஒரு குடும்பம்.

நம் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லி முடிக்கிறேன். நம் சபையின் யாழ்ப்பாணத்து ஆன்ட்டிமார் ஓவனைப் போறணை என்பார்கள். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். பாணும் அப்படியே. 1658இல் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் கொக்கிஸ் என்கிற பலகாரத்தின் பெயர், சின்ன கேக்கைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் தெற்குச் சீமையில் கிறிஸ்மஸுக்குச் சுடுகிற அச்சு முறுக்கு அதே வகைதான். அதற்கு ஓவன் வேண்டாம், சூடான எண்ணெயும் ஒரு இரும்பு அச்சும் போதும்.

கேக் மட்டும் எங்கள் ஊரில் இரண்டு விதமாக வந்தது. வசதி உள்ளவர்கள் மாவைக் கலந்து தட்டில் ஊற்றி பேக்கரியில் கொடுத்து, கூலி கொடுத்துச் சுட்டு வருவார்கள். பாக்ஹவுஸைப் பற்றி வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அந்த பேக்கரி வாசல் வரிசைதான். எங்கள் அம்மா வீட்டிலேயே சுடுவார்கள். பெரிய சட்டியில் ஆற்று மணல் பரப்பி, அதற்குள் கேக் பாத்திரத்தை வைத்து, மூடியின்மேல் தணல். மேலும் சூடு, கீழும் சூடு.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு கிறிஸ்மஸில் அந்தக் கேக் அடி கருகிவிட்டது. அம்மா கருகலைச் சீவி எடுத்து, துண்டு போட்டு, பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோகத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். நான் மாட்டேன் என்றேன். என்னோடு படித்த பிள்ளை வீட்டில் பேக்கரிக் கேக் என்று சத்தமாகவும் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தாங்களே தட்டை எடுத்துப் போனார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கேக் சுடவில்லை. கடையில் வாங்கினோம்.

ஃப்ரெக்கன்ஃபெல்டிலிருந்து திரும்பி வந்த ராத்திரி, அம்மாவுக்குப் போன் பண்ணி இந்த ரொட்டிக்காரர் கதையைச் சொன்னேன். மூடி, தண்ணீர், பொரியும் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அந்தக் கிறிஸ்மஸைப் பற்றியும், அன்றைக்குச் சொல்லாத மன்னிப்பையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அன்னைக்கு விறகுக் கரி தீந்து போச்சு மக்கா. சிரட்டைக் கரி போட்டேன். அது சூடு கூடுதல். மணலயும் இன்னும் ரெண்டு விரக்கடை கூட்டியிருக்கணும்" என்றார்கள். பிறகு, "அந்த உருண்டைக்கு ஈஸ்ட் எவ்வளவு போடணும்?" என்று கேட்டார்கள்.