அபாய இரசாயன அறிவிப்பு விதிகள் (இந்தியா)

தொழிற்சாலைகளில் கையாளப்பெறும் நச்சுப் பொருள்கள், தீப்பற்றும் பொருள்கள் முதலியவற்றின் அபாயத்தை, அவற்றோடு நாள்தோறும் பழகும் தொழிலாளிக்கு முன்னதாகவே அறிவிக்க வேண்டும் என்னும் சட்டக் கடமையை விதிப்பவை இவை. 1984 டிசம்பர் 2-3 இரவில் போபால் நகரில் மெதில் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, சூழ வாழ்ந்த ஜனங்களுக்கும், சிகிச்சை செய்ய முற்பட்ட வைத்தியர்களுக்குங்கூட அவ்விஷத்தின் தன்மை சரிவர உணர்த்தப்பட்டிருக்கவில்லை என்னும் துயரமே இவ்விதிகளுக்கு முதற்காரணமாயிற்று.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1987இல் திருத்தப்பெற்று, ஆபத்துகளையும் அவற்றைத் தவிர்க்கும் உபாயங்களையும் தொழிலாளர், தலைமை ஆய்வாளர், உள்ளாட்சி மன்றத்தார், சுற்றுப்புற மக்கள் ஆகியோருக்கு வெளிப்படுத்துமாறு ஆலை நடத்துவோரைக் கட்டாயப்படுத்திற்று. உயிருக்கோ ஆரோக்கியத்துக்கோ உடனடி அபாயம் நேருமென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, அதனை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒருங்கே அறிவிக்கலாம் என்று கூறிய பிரிவே, மனித ஜீவனை மதித்தெழுந்த சட்டம் அது என்பதற்குத் தக்க சான்று.

1989ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு அபாய இரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தகவல் ஏடு ஒன்றையும், கொள்கலன்மீது பொருளின் பெயர், உற்பத்தியாளர் முகவரி, நச்சியல்பு ஆகியன விளங்கும் சீட்டையும் வேண்டின. அவ்வேடும் சீட்டும் தொழிலாளி வாசித்தறியும் பாஷையில் இல்லாத ஆலையில், விதி நிறைவேறியதாகக் கொள்ளுதல் தகாது.