மலாக்காத் தோட்டப் பள்ளியும் பெற்றோர் உரிமையும்

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பது நம்மவர் நாவில் நீங்காது நிற்கும் பழமொழி. துன்பம் வந்தபொழுதும் முயற்சி செய்ய மனமில்லாதபொழுதும் இதனை எடுத்துச் சொல்லிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளின் கல்வியிலும் நாம் இதையே செய்து வந்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தைக் கட்டியவன் எவனோ, அவனே அதனைப் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டோம். அவ்வாறு இருந்துவிட்டதன் பயன் யாது என்பதை மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மலாயாவில் வியாபாரத்திற்கென ரப்பர் மரம் முதன்முதல் வைக்கப்பட்ட நிலம் மலாக்காவே. 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீனச் செல்வர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசஹானில் அவரது பெருந்தோட்டம் எழுந்தது. மரம் வைத்தவரின் பெயரைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. மலாக்காத் தோட்டங்களில் பால் வெட்டி, வாளி சுமந்து, ஒட்டுப்பால் பொறுக்கிய நம் முன்னோரின் பெயர்களோ செக்ரோல் ஏடுகளோடு மக்கிப் போயின. எனினும் புக்கிட் லிந்தாங் என்னும் பெயரைத் தாங்கி இன்றும் அங்கே நிற்பவற்றுள் ஒன்று தமிழ்ப் பள்ளிக்கூடம் என்பதை நினைக்கும்பொழுது, நம்மவர் விட்டுச் சென்ற சொத்து எது என்பது தானே விளங்கும்.

அப்பள்ளிகள் எவ்வாறு தோன்றின? தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருப்பின் முதலாளி அவர்களுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல விதிதான். அது இல்லாதிருந்தால் எத்தனையோ லயங்களில் எழுத்து என்பதே எட்டிப் பார்த்திராது. ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தது என்ன? பள்ளிக்கூடம் எங்கே இருப்பது என்பதைத் துரை முடிவு செய்தார். பல தோட்டங்களில் அது கொட்டகையின் ஒரு மூலையாகவே முடிந்தது. உபாத்தியாயர் யார் என்பதையும் துரையே முடிவு செய்தார். ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ அப்பதவியையும் சேர்த்துப் பார்த்த இடங்கள் பல. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு இருட்டோடு மலைக்குச் சென்ற தாய் தந்தையரை, "உங்கள் பிள்ளைக்கு என்ன கற்பிக்கலாம்?" என்று கேட்டவர் யார்?

பெற்றோருக்குச் சம்பளம் கொடுத்தவரும், வீடு கொடுத்தவரும், பள்ளி கொடுத்தவரும் ஒருவரே ஆனமையால், பள்ளியைப் பற்றி ஒரு குறை சொன்னால் வீட்டுக்கும் வேலைக்கும் கேடு வரும் என்ற அச்சம் அவர்களை வாய் திறக்கவொட்டாது தடுத்தது. அச்சம் நீங்கிய பின்னும் அப்பழக்கம் நீங்கவில்லை. துரை போனார், கங்காணியும் போனார், பள்ளிக்கூட வாசலில் கைகட்டி நிற்கும் வழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. இதுவே நாம் சொல்ல வந்த செய்தியின் சாரம்.

மலாக்கா நகரத்தில் இதனினும் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. தோட்டத் தமிழர் வருவதற்குப் பல தலைமுறைகள் முன்னரே வணிகத்தின் பொருட்டு இங்கு வந்து நிலைத்தவர் மலாக்காச் செட்டிகள். 1781-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அளித்த நிலத்தில் அவர்கள் எழுப்பிய பொய்யாத மூர்த்தி ஆலயம் இன்றும் பொலிவுடன் விளங்குகிறது. வழிபாட்டையும் சடங்குகளையும் அம்மக்கள் போற்றிக் காத்தனர். ஆனால் காலப்போக்கில் வீட்டு மொழி மலாயாகி, தமிழ் அவர்கள் நாவினின்று நழுவிவிட்டது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்களது வாழ்வு அவர்களுக்கு அழகு. கோயில் இருந்தால் மொழி தானே இருந்துவிடும் என்று நினைக்கும் நம்மவர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். திருவிழாவுக்குக் கமிட்டி அமைப்பதில் நாம் காட்டும் ஊக்கத்தில் கால்பங்கையேனும் பள்ளிக்குக் காட்டியதுண்டா?

1950-க்குப் பின் பள்ளியின் விதியை வகுக்கும் இடம் தோட்ட ஆபீசிலிருந்து சட்டசபைக்கு மாறியது. எல்லா இனப் பிள்ளைகளுக்கும் மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரே வகைப் பள்ளி போதும் என்று 1951-இல் பார்ன்ஸ் அறிக்கை கூறிற்று. 1956-இல் வெளிவந்த ரசாக் அறிக்கையும் அதனையொட்டி 1957-இல் எழுந்த கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் ஏற்றன. 1961-ஆம் ஆண்டுச் சட்டமோ, தேசிய மாதிரித் தொடக்கப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை 21(2)-ஆம் பிரிவின் வழி அமைச்சர் கையில் கொடுத்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அப்பிரிவு இல்லாமற்போயிற்று. இந்த 35 ஆண்டுகளாக நம் பள்ளிகளின் தலைமேல் ஒரு கத்தி தொங்கிற்று என்பதைத் தோட்டத்துப் பெற்றோருள் எத்தனை பேர் அறிந்திருந்தனர்?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்க ஏற்பாடு நடந்தபொழுது, வடமொழிக்கே அங்கு முதலிடம் தரவேண்டும் என்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் கருத்துரைத்தார். "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் இதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். "தமிழ் எங்கள் உயிர்" என்னும் பெயரால் நிதி திரட்டப்பட்டது. உழைத்துப் பிழைக்கும் மக்கள் தம் சிறு தொகைகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். 1956-இல் துறை தொடங்கியது. தமிழே அங்கு நிலைபெற்றது. பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்தறியாத மக்கள் அதன் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசினர், பேச்சு எடுபட்டது. பணம் கொடுத்ததோடு அவர்கள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணத்தோடு சொல்லையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதனாலன்றோ வென்றார்கள்!

விடுதலை பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன என்பது கணக்கு. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. மலாக்கா மாநிலத்தில் உள்ளவை 21. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தன. பிள்ளைகள் நகரத்தில், பள்ளி தோட்டத்தில் என்ற நிலை ஏற்பட்டது. அன்றியும், தோட்டப் பள்ளிகள் பல தனியார் நிலத்தில் நிற்பதால், அவை சர்க்காரின் முழு உதவி பெறாது பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்து வருகின்றன. மூடுவதா, இணைப்பதா, வேறிடம் மாற்றுவதா என்னும் கேள்வி இன்று ஒரு பள்ளிக்கு வரலாம். நாளை மற்றொன்றுக்கு வரலாம். அந்த முடிவு நடக்கும் அறையில் பெற்றோர் இருப்பாரா என்பதே நம் வினா.

சட்டம் கதவை முற்றும் அடைத்துவிடவில்லை. பள்ளிக்கு ஒரு வாரியம் உண்டு. பகுதி உதவி பெறும் பள்ளியின் நிலம், கட்டடம் பற்றிய பேச்சில் வாரியத்துக்கு முக்கிய இடம் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கென 1998-இல் தனி விதிகளே வகுக்கப்பட்டன. பெற்றோரும் ஆசிரியரும் கூடிக் கல்வி பற்றிக் கருத்துப் பரிமாறுவது அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. 2016-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் இருமொழித் திட்டம் வந்தபொழுது, பெற்றோரின் சம்மதம் அதற்கு ஒரு நிபந்தனையாக்கப்பட்டது. 2019-இல் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் ஜாவி எழுத்தைப் புகுத்துவது பற்றி எழுந்த பெரும் விவாதத்தின் முடிவில், பெற்றோருள் 51 விழுக்காட்டினர் சம்மதித்தாலன்றித் தமிழ், சீனப் பள்ளிகளில் அதனைக் கற்பிப்பதில்லை என்று வழிமுறை வகுக்கப்பட்டது. பெற்றோரின் கையெழுத்து வெறுங் கையெழுத்தன்று என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமோ? படித்துப் பாராமல் கையெழுத்திட்ட தாளும் சம்மதமாகவே எண்ணப்படும் என்பதையும் மறத்தலாகாது.

சில காலத்துக்கு முன் இம்மாநிலத்துத் தோட்டப் பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். வரவேற்பு, வரவு செலவு, ஆசிரியர் தின விருந்து, நன்கொடைப் பட்டியல் எல்லாம் நடந்தேறின. பள்ளியை நகரத்துப் பக்கம் கொண்டுசெல்லும் யோசனை கடைசியில் வந்தது. அதற்குள் பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. மேடையில் இருந்தோர் நிலத்தைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் பேசினர். பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய் எழுந்து, "ஐயா, பஸ் எத்தனை மணிக்கு எங்கள் தோட்டத்து முனைக்கு வரும்? மழை பெய்தால் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்? நாங்கள் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுகிறோமே" என்றார். மேடையில் எவரும் விடை கூறவில்லை. அதனை அவர்கள் எண்ணியே பார்த்ததில்லை. பின்னர் ஒருவர் அக்கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டு, போக்குவரத்துக்கு வழி தெரிந்த பின்பே மேற்கொண்டு பேசலாம் என்றார். யோசனை தள்ளப்படவில்லை; திருந்திற்று. பத்து நன்கொடையாளர் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது.

"எங்களுக்கு என்ன தெரியும், உபாத்தியாயருக்கல்லவா தெரியும்" என்று சொல்வோர் இதனைச் சிந்திக்க. எழுத்தை உபாத்தியாயர் அறிவார். பிள்ளை எந்த வழியில் வருகிறது, பசியோடு வருகிறதா, இரவில் விளக்கு உண்டா என்பதை அறிவோர் பெற்றோரே. இவ்விரண்டு அறிவும் கூடாத முடிவு நொண்டி முடிவாகும். பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்வோம். தொழிற்சாலையில் முறை மாற்றி உழைப்போரும் தோட்டத்தில் உழைப்போரும் வரமுடியாத வேளையில் கூட்டத்தை வைத்துவிட்டு, "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று குறைகூறுதல் நேர்மையன்று. நன்கொடைக்கு மட்டும் வீடு தேடிச் செல்லும் கால்கள் ஆலோசனைக்கும் சென்றால் என்ன?

நம் தாயகத்தைப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டு இந்தியக் கல்வி உரிமைச் சட்டம் சர்க்கார் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு ஒன்று வேண்டும் என்றும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வரும் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் அக்குழுவின் வேலை. எல்லா ஊரிலும் அது செவ்வனே நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கூலி வேலை செய்யும் தாயும் பள்ளி முடிவில் பங்காளி என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது பெரிதல்லவா?

ஆதலின் மலாக்காத் தமிழர் செய்யத் தக்கவை எளியவையே. ஆண்டுக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது செல்க. தாய்மார் முன்வரிசையில் அமர்க. கேட்ட கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்க்க. விடை கிடையாதபொழுது மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மாவட்டங்களில் உள்ள கல்வி அலுவலகத்துக்குப் பலர் கூடிக் கடிதம் எழுதுக. தோட்டப் பள்ளியில் படித்துப் பட்டணத்தில் உயர்ந்தோர் பரிசுக் கோப்பை கொடுப்பதோடு நில்லாது வாரியத்தில் உழைக்க முன்வருக. எவருடைய ஜாதி, எவருடைய கட்சி என்னும் பேச்சைப் பள்ளி வாசலுக்கு வெளியே விட்டுச் செல்க.

மரம் வைத்தவன் எப்பொழுதோ மரத்தை விற்றுவிட்டுப் போய்விட்டான். இன்று அவன் வந்து தண்ணீர் ஊற்றுவான் என்று காத்திருப்பது பேதைமை. நிழலில் நிற்கும் பிள்ளைகள் நம்முடையவர்கள். ஆகவே குடத்தை நாமே எடுப்போம்; எங்கே ஊற்றுவது என்பதையும் நாமே பேசி முடிவு செய்வோம்.