வீட்டு இணைய டேட்டா நுகர்வு

வீட்டு பிராட்பேண்ட் இணைப்பின் வழியே ஒரு மாதத்தில் வந்துபோகும் தரவின் மொத்த அளவே டேட்டா நுகர்வு எனப்படுகிறது. இந்தியாவில் 'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் ஃபைபர் திட்டங்கள் பலவற்றுக்கும் மாத வரம்பு உண்டு. 3,300 ஜிபி என்பது பரவலாகக் காணப்படும் அளவு. அதைத் தாண்டினால் இணைப்பு நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது. பதிவிறக்கத்தோடு பதிவேற்றத்தையும் பல நிறுவனங்கள் கணக்கில் சேர்க்கின்றன.

பெரும் செலவு வீடியோவுக்கே. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கின்படி ஒரு மணி நேரத்துக்கு சாதாரணத் தரம் 1 ஜிபி, எச்டி 3 ஜிபி, 4கே 7 ஜிபி வரை எடுக்கும். தினம் நான்கு மணி நேரம் 4கே ஓடினால் மாதம் 840 ஜிபி. திரையின் அளவைவிட, அனுப்பப்படும் படத்தின் தரமே செலவைத் தீர்மானிக்கிறது. 2020 மார்ச்சில் ஐரோப்பிய இணையப் பாதைகளில் நெரிசல் அஞ்சப்பட்டபோது நெட்ஃபிளிக்ஸ் அங்கே கைவைத்ததும் இந்தத் தரத்தில்தான்: பிட் வீதத்தைக் குறைத்ததில் அதன் டேட்டா போக்குவரத்து சுமார் 25 சதவீதம் குறைந்தது.

வேகம் மெகாபிட்டிலும் வரம்பு ஜிகாபைட்டிலும் சொல்லப்படுவதால் பலருக்குக் கணக்கு பிடிபடுவதில்லை. 8 பிட் சேர்ந்தது 1 பைட். நொடிக்கு 2 மெகாபிட் என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த வீதத்தில் இரவுபகலாகக் கிளவுடுக்குப் படம் அனுப்பும் ஒரு சிசிடிவி கேமரா நாளொன்றுக்கு 21.6 ஜிபி, 30 நாளில் 648 ஜிபி தின்றுவிடும். யாரும் எதையும் பார்க்காமலே நடக்கும் செலவு இது. முதலில் சந்தேகிக்க வேண்டியதும் இதுவே. மெமரி கார்டிலோ டிவிஆரிலோ பதியும் கேமராவுக்கு, வெளியிலிருந்து பார்க்கும் நேரத்தில் மட்டுமே இணையம் செலவாகும். அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி அமைத்தாலும் அளவு வெகுவாகக் குறையும்.

போட்டோ, வீடியோ பேக்கப், 100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள், இயங்குதள அப்டேட்கள் ஆகியவை அவ்வப்போது கணக்கைத் திடீரென ஏற்றும். இறக்கிய அப்டேட்டின் பகுதிகளை இணையத்திலுள்ள பிற கணினிகளுக்கு அனுப்பும் வசதி விண்டோஸில் உண்டு. வரம்புள்ள இணைப்பில் அதை நிறுத்திவைப்பது நல்லது. எழுத்துவழி அரட்டையும் மின்னஞ்சலும் பொருட்படுத்தத்தக்கவை அல்ல.

செலவாளியைக் கண்டுபிடிக்கச் சில ரௌட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் கருவிவாரியான கணக்கு கிடைக்கும். அது இல்லாத இடத்தில், கருவிகளை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து விலக்கி, மொத்த அளவு ஏறும் வேகம் எப்போது தணிகிறது என்று பார்க்கலாம். எல்லாவற்றையும் விலக்கிய பின்னும் ஏறிக்கொண்டே இருந்தால், விலக்காமல் விட்டுப்போன கருவி ஏதோ இருக்கிறது, அல்லது கடவுச்சொல் வெளியாள் கைக்குப் போயிருக்கிறது.