கிளாஸுக்கு ஆர் காவல்?

கொழும்புக்கு இரவு பஸ் ஏறேக்க அம்மா இண்டைக்கும் ஒரு வசனம் சொல்லுவா. "பக்கத்தில இருக்கிறவை பிஸ்கட், சோடா எண்டு நீட்டினா வாங்கிடாத." உங்கட வீட்டிலயும் சொல்லியிருப்பினம். மயக்க மருந்து குடுத்து நகையையும் போனையும் கழட்டிக்கொண்டு போன கதைகள் எங்களுக்குப் புதுசில்லை. அந்தப் புத்திமதி பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா கவனமா இருக்கவேண்டிய ஆள் எப்பவும் குடிக்கிற ஆள் மட்டும்தானா? இந்தக் கேள்வியோட பார்களின் வரலாற்றைத் தேடிப் போனால் முதலில் வருவது சிக்காகோ.

அங்கே 'லோன் ஸ்டார்' என்ற மதுச்சாலையை நடத்தியவர் மிக்கி ஃபின். வாடிக்கையாளருக்கு ஊற்றிக் குடுக்கிற பானத்தில் மருந்து கலப்பது, மயங்கினதும் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பணத்தை எடுப்பது, பிறகு வெளியே ஒழுங்கையில் போட்டுவிடுவது. இதுதான் அங்கே நடந்த தொழில். கலந்தது குளோரல் ஹைட்ரேட் என்றே பலரும் எழுதியிருக்கினம். 1869இலிருந்து நித்திரை மருந்தாக டொக்டர்மார் பாவித்த பொருள் அது. 1903இல், அதே மதுச்சாலையில் வேலை செய்த பெண்ணான மேரி தோர்ன்டன், நகரசபையின் விசாரணைக் குழு முன்னால் போய் நடந்ததைச் சொன்னா. அந்த வருடம் டிசம்பரில் மதுச்சாலை இழுத்து மூடப்பட்டது. ஃபின்னின் பெயர் மட்டும் மிஞ்சியது. மருந்து கலந்த பானத்துக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் அவரின் பெயர்தான்.

இந்தக் கதையில் மூன்று விசயத்தைக் கவனியுங்கோ. பாதிக்கப்பட்டவர்கள் ஆம்பிளையள். ஆபத்து வந்தது யாரோ ஊர்பேர் தெரியாத ஆளிடமிருந்து இல்லை, பாரை நடத்தினவரிடமிருந்தே. அதைத் தடுத்ததும் குடிகாரருக்குச் சொன்ன புத்திமதி இல்லை. உள்ளே வேலை செய்த ஒரு பெண்ணின் சாட்சியமும், கடையை மூடுகிற அதிகாரமும்தான். 1918இல் அதே சிக்காகோவில், டிப்ஸ் குடுக்காத ஆக்களின் சாப்பாட்டிலும் குடிபானத்திலும் வாந்தி மருந்து கலந்த வெயிட்டர்மார் பிடிபட்டபோதும், பொலிஸ் போனது விற்கிற பக்கத்தைத் தேடித்தான்.

1990களில் இந்தப் பார்வை மாறிப்போச்சு. இந்தமுறை பேச்சில் இருந்தது றொஹிப்னோல் என்ற நித்திரைக் குளிசை. நிறமில்லை, மணமில்லை. பாலியல் வன்முறைக்கு அதைப் பாவிக்கினம் என்ற முறைப்பாடுகள் கூடவே, 1996இல் அமெரிக்கா தனிச்சட்டம் கொண்டுவந்தது. தயாரித்த றோஷ் கம்பனியும் குளிசையை மாற்றியது. மெதுவாகக் கரையும், வெளிறிய பானத்தில் போட்டால் நீலநிறம் தெரியும். ஆனால் கறுப்புச் சோடாவில், பாரின் மங்கல் லைட்டில், நீலத்தை ஆர் காணப்போறது? குற்றவாளியைத் தண்டிக்கச் சட்டம் வந்தது, மருந்துக்கு நிறம் வந்தது. பாருக்கு மட்டும் ஒரு கடமையும் வரேல்லை. "கிளாஸைக் கையால மூடு, தனிய போகாத, கண்ணை எடுக்காத" என்ற பட்டியல் பெட்டையளின் கையில் குடுக்கப்பட்டது.

இதுக்கு எதிராக எழும்பினது எங்கட வயசு ஆக்கள். 2021 ஒக்டோபரில், பல்கலைக்கழகங்கள் திறந்து பிள்ளைகள் திரும்பி வந்த நேரம், பிரித்தானியா முழுக்க ஸ்பைக்கிங் முறைப்பாடுகள் குவிந்தன. பானத்தில் மட்டுமில்லை, ஊசியால் குத்தினதாகவும் சொன்னார்கள். எடின்பரோவில் தொடங்கி நகரம் நகரமாக மாணவிகள் ஒரு இரவு நைட்கிளப்புகளைப் புறக்கணித்து வீட்டிலேயே இருந்தார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது: ஊழியருக்குப் பயிற்சி, கிளாஸுக்கு மூடி, மயங்கின பிள்ளையை "வெறியில நிக்கிறாள்" எண்டு வெளியில தள்ளாமல் பாதுகாப்பான இடத்தில் வைத்து உதவி. அதாவது பொறுப்பை பாரிட்டயே திருப்பிக் குடுத்தார்கள். 2024 நவம்பரில் பிரித்தானிய அரசாங்கம் பார் ஊழியர் 10,000 பேர் வரைக்கும் பயிற்சி குடுக்கப்போவதாக அறிவித்தது.

கலிபோர்னியா இதை லைசன்ஸோடயே கட்டியது. 2024 ஜூலை 1இலிருந்து அங்கே பார், நைட்கிளப் லைசன்ஸ் வைத்திருக்கிறவர்கள் பானத்தைச் சோதிக்கிற கிட் வைத்திருக்கவேணும். விற்கலாம், சும்மாவும் குடுக்கலாம். கிட் இருக்கு என்று அறிவித்தல் பலகையும் போடவேணும். அடுத்த வருடம், கேட்டால் மூடி குடுக்கவேணும் என்பதும் சேர்ந்தது.

கிட் எல்லாத்தையும் கண்டுபிடிக்காது என்பதையும் சொல்லத்தான் வேணும். ஒவ்வொரு கிட்டும் சில மருந்துகளைத்தான் காட்டும். அதோட, இப்படியான குற்றங்களில் அதிகம் பாவிக்கப்படுகிற பொருள் மதுவேதான். கேட்டதை விடக் கூட ஊற்றிக் குடுத்தால் எந்தக் கிட்டிலும் அது தெரியாது. அதைக் காணக்கூடியவர் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள். அதனால்தான் கிட்டை விட எனக்குப் பயிற்சி முக்கியமாகத் தெரியுது.

எங்கட பாட்ச் பார்ட்டிகளிலும் இதை யோசிக்கலாம். ஒழுங்குபடுத்துற ஆக்கள் முதலே ரெண்டு பேரைக் குடிக்காமல் நிக்கச் சொல்லலாம். குடிச்ச அளவுக்குப் பொருந்தாத மாதிரி ஒரு ஆள் சரிஞ்சா, தனிய விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். விடியட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து எண்டது ஒண்டு. மற்றது, ஜிஹெச்பி போன்ற மருந்து ஏறக்குறைய 12 மணித்தியாலத்தில் சலத்திலிருந்தும் போயிடும், பிறகு சாட்சி இல்லை.

அம்மாவின் புத்திமதியை நான் இனியும் கேப்பன். ஆனா அதைக் கேக்காத ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால், "நீ ஏன் கவனமா இருக்கேல்லை" என்பது முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. 1903இல் சிக்காகோவில்கூட முதலில் விசாரிச்சது கடைக்காரனைத்தான்.