இஞ்சிவேரும் இங்கெஃபேரும்: ஒரு சொல்லின் வழித்தடம்

நார்வே மொழியில் இஞ்சியை 'இங்கெஃபேர்' என்பர். இச்சொல் தமிழர்க்கு 'இஞ்சிவேர்' என்பதை நினைவூட்டும். கரமனையில் அருகருகே வாழும் தமிழரும் மலையாளிகளும் இஞ்சி, வேர் ஆகிய இரு சொற்களையும் பொதுவில் வழங்குகின்றனர். எனவே நார்வேச் சொல் நம் சொல்லே என்று முடிவுகட்டத் தோன்றும். முடிவு சரியே, ஆயின் ஒலியொப்புமை மட்டும் அதற்குச் சான்றாகாது. இச்சொல்லின் வழித்தடத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நார்வே வடிவம் தாழ்நில ஜெர்மன் வழி வந்தது. பெர்கன் துறைமுகத்தில் 14ஆம் நூற்றாண்டில் நிலையம் அமைத்த ஹன்சா வணிகரின் மொழி அது. அதற்கு முற்பட்டது இடைக்கால இலத்தீன் 'கிங்கிபெர்'. அதற்கும் முற்பட்டது கிரேக்க 'ஸிங்கிபெரிஸ்'. கி.பி. முதல் நூற்றாண்டில் தியோஸ்கோரிதீஸ் தம் மருத்துவ நூலில் இதனைக் குறிப்பிடுகிறார்.

முசிறிக்கு வந்த யவனர் இச்சொல்லைத் தமிழிலிருந்தே நேரே பெற்றனர் என்பர் சிலர். இது பொருந்தாது. மதுரைக்காஞ்சி முதலிய நூல்களில் இச்சொல் 'இஞ்சி' என்றே உள்ளது. நேரே பெற்றிருப்பின் கிரேக்கத்தில் முதலெழுத்தாகிய ஸகரமும் இடையிலுள்ள ககரமும் தோன்றியிரா. அவ்விரண்டும் பாலி மொழியின் 'சிங்கிவேர' என்பதில் உள்ளன. ஆகவே கிரேக்கர்க்கு இச்சொல்லை அளித்தது பிராகிருத வழக்கே ஆகும்.

பாலி வடிவம் தென்திராவிடத்தின் '*சிங்கிவேர்' என்பதன் கடன். தமிழில் முதற்சகரம் கெட்டு, 'ங்க்' என்பது 'ஞ்ச்' ஆகுமுன் அக்கடன் நிகழ்ந்தது. சிப்பி, இப்பி என்னும் இணையும், 'ஆறு' என்னும் எண்ணுப்பெயர் கோண்டியில் சகரத்தோடு வழங்குவதும் சகரக்கேட்டை உறுதிசெய்யும். வடமொழிச் 'சிருங்கவேர' என்பதற்குக் 'கொம்பு போன்ற உடலுடையது' எனக் கூறும் விளக்கம், கடன்சொல்லுக்குப் பின்னர்ப் புனைந்த பொருளே.

இங்கெஃபேரின் முதல் இகரமும் இஞ்சியின் முதல் இகரமும் ஒன்றல்ல. தமிழ் சகரத்தை இழந்தது. ஜெர்மானியம் பல நூற்றாண்டுகள் கழித்துக் ககரத்தை இழந்தது. இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள். ஈற்றிலுள்ள 'ஃபேர்' மட்டுமே நம் 'வேர்' என்பதன் நேர்வழி எச்சம்.

உலக மொழிகளில் தமிழ்ச்சொற்களைத் தேடுவோர் இன்றைய வடிவங்களை ஒப்பிட்டு அமைவாராயின், மெய்யான சான்றும் ஐயத்திற்கு இடமாகிவிடும். ஒவ்வொரு படியிலும் ஒலிமாற்றத்தை நிறுவிய பின்னரே உறவு பேசத்தக்கது. 'சிங்கிவேர' என்னும் பாலிச் சொல், தமிழ் இழந்துவிட்ட தன் பழைய ஒலியைக் காத்து வைத்திருக்கும் ஆவணமுமாகும்.