கட்டம் போட்ட கைக்குட்டையும் ஒரு ஊரின் பெயரும்

நாலு பக்கமும், நாலு மூலையும் சமமாக இருந்தால் சதுரம். 'சதுர்' என்றால் வடமொழியில் நான்கு. ஆங்கிலத்தின் 'ஸ்கொயர்', ஸ்பானிஷின் 'குவாத்ராதோ' இரண்டும் லத்தீன் மொழியின் நான்கிலிருந்து வந்தவை. ஆக, உலகத்தில் பாதிப் பேர் சதுரத்தை எண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்!

ஆனால் அதே சதுரம் துணியில் ஏறினால் கதை மாறிவிடுகிறது. தமிழில் அது 'கட்டம்'. ஆங்கிலத்தில் 'செக்'. இது சதுரங்கப் பலகை வழியாக வந்த சொல். மூலம் பாரசீகத்தின் 'ஷா', அதாவது அரசன். எல்லாவற்றையும் விட ஆச்சரியம், கட்டம் போட்ட துணிக்கு ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயரையே வைத்ததுதான். அந்த ஊர் பழவேற்காடு.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். சுற்றுவட்டார நெசவாளர்கள் நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டத் துணிகள் இங்கிருந்து கப்பல் ஏறின. சதுரம் சதுரமாக வெட்டினால் கைக்குட்டை. ஐரோப்பியர் வாயில் ஊர்ப் பெயர் 'புலிகாட்' ஆனது. ஆங்கிலத்தில் அந்தக் கைக்குட்டைக்கும் அதுவே பெயர். போர்த்துக்கீசியர் ஊரை 'பலெயகாத்தெ' என்று எழுதினார்கள். மெக்சிகோவில் இன்றும் கழுத்திலும் தலையிலும் கட்டும் சதுரத் துணிக்குப் பெயர் 'பாலியகாத்தே'! அது அந்த நாட்டுப் பழங்குடி மொழியான நாவாட்டில் சொல் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பழவேற்காட்டுப் பெயரோடு உள்ள ஒற்றுமையைப் பாருங்கள்.

இதில் ஒரு வணிகப் பாடமும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் இதே மாதிரித் துணியை நெய்து, 'புலிகேட்' என்ற பெயரிலேயே விற்றார்கள். தடுக்க அன்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்ததே 1999-ல்தான். ஊர்ப் பெயர் பொதுப்பெயர் ஆகிவிட்டால் அது ஊருக்குச் சொந்தமில்லை. பெயர் உலகம் சுற்றியது, லாபம் பழவேற்காட்டுக்கு வரவில்லை.

இன்று பழவேற்காடு என்றால் இறாலும் நண்டும்தான் நினைவுக்கு வரும். ஏரியில் வலை வீசும் மீனவர்கள் கட்டம் போட்ட கைலிதான் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்கு ஒரு காலத்தில் தங்கள் ஊர்தான் பெயர் கொடுத்தது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரி போட்டால்கூடப் போதும்.