பனியுகம் வருகிறது என்ற செய்தி: 1970களின் ஒரு பாடம்

"பூமி சூடேறுகிறது என்று இன்று எச்சரிக்கும் விஞ்ஞானிகள்தாமே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பனியுகம் வருகிறது என்றார்கள்? இவர்களில் எந்தப் பேச்சை நம்புவது?" நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இக்கேள்வி அவ்வப்போது வந்து போகிறது. கேள்வி நியாயமானதே. அதற்கான விடையைத் தேட, அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளையும் அன்றைய ஆய்விதழ்களையும் நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1940களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை பூமியின் வடபாதியில் சராசரி வெப்பநிலை சற்றே குறைந்திருந்தது உண்மை. 1972இல் சோவியத் யூனியனில் விளைச்சல் வீழ்ந்தது. அதே ஆண்டு இந்தியாவில் பருவமழை பொய்த்தது. சஹாராவின் தென்விளிம்பில் மாலி, நைஜர், சாட் முதலிய நாடுகளைத் தொடர் வறட்சி வாட்டியது. மந்தைகள் மடிந்தன, மக்கள் பசியால் மாண்டனர். உலகம் உணவை எண்ணி அஞ்சிய அந்நாட்களில்தான் குளிர்ச்சி பற்றிய செய்திகள் பெருகின.

1971 ஜூலையில் நாசாவைச் சேர்ந்த ரசூல், ஸ்டீபன் ஷ்னைடர் ஆகிய இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் நான்கு மடங்கானால் பூமியின் வெப்பநிலை 3.5 டிகிரி வரை குறையக்கூடும் என்பது அவர்களின் கணக்கு. 'நான்கு மடங்கானால்' என்ற நிபந்தனையின் மீதே அக்கணக்கு நின்றது. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழோ, புதிய பனியுகம் வருவதாக அமெரிக்க விஞ்ஞானி கருதுகிறார் என்று தலைப்பிட்டது. தலைப்பில் நிபந்தனைக்கு இடமில்லை. 1974 ஜூனில் 'டைம்' இதழ் இன்னொரு பனியுகமா என்று கேட்டது. 1975 ஏப்ரல் 28 தேதியிட்ட 'நியூஸ்வீக்' இதழில், குளிர்ந்துவரும் உலகைப் பற்றி பீட்டர் க்வின் எழுதிய ஒருபக்கக் கட்டுரை வந்தது.

அதே காலத்து ஆய்வேடுகளைப் புரட்டினால் வேறொரு காட்சி தெரிகிறது. 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளந்துவந்த கரியமில வாயு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே இருந்தது. அவ்வாயு இருமடங்கானால் வெப்பம் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் உயரும் என்று 1967இலேயே மனாபேயும் வெதரால்டும் கணக்கிட்டிருந்தனர். 'நியூஸ்வீக்' கட்டுரை வெளிவந்த நான்கு மாதங்களுக்குள், உலகம் குறிப்பிடத்தக்க வெப்பமேற்றத்தின் விளிம்பில் நிற்கிறதா என்று வாலஸ் ப்ரோக்கர் 'சயின்ஸ்' இதழில் வினவினார்.

1965 முதல் 1979 வரை வெளியான ஆய்வுக் கட்டுரைகளை மூன்று ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து, 2008இல் அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். குளிர்ச்சியை முன்னறிவித்தவை 7. வெப்பமேற்றத்தை முன்னறிவித்தவை 44. எப்பக்கமும் சாயாதவை 20. அறிஞர் உலகம் ஒருமித்துப் பனியுகத்தை அறிவித்தது என்பது வெறும் கதை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

அப்படியானால் அந்த ஏழும் பொய்யா? இல்லை. நுண்துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கின்றன. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இரண்டும் உண்மை. எதன் பாரம் மிகுதி என்பதே அன்றைய கேள்வி. தாழ்நிலைக் காற்றிலுள்ள துகள்கள் சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். மேலை நாடுகளின் தூய காற்றுச் சட்டங்களும் அங்குப் புகையைக் குறைத்தன. கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. தாம் துகள்களின் விளைவைக் கூட்டியும் வாயுவின் விளைவைக் குறைத்தும் மதிப்பிட்டதை ஷ்னைடரே சில ஆண்டுகளுக்குள் கண்டறிந்து வெளிப்படையாகத் திருத்திக்கொண்டார். 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு, வாயு இருமடங்கானால் வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி வரை உயரும் என்று மதிப்பிட்டது.

பத்திரிகையின் திருத்தம் அவ்வளவு விரைவில் வரவில்லை. தன் கணிப்பு பிழையாகிப் போனதை 'நியூஸ்வீக்' 2006இல்தான் எழுதியது. தம் பழைய கட்டுரையைக் காட்டி இன்றைய அறிவியலை மறுப்பது தவறு என்று பீட்டர் க்வின் 2014இல் எழுத நேர்ந்தது. இதற்கிடையே, வரும் பனியுகத்தில் பிழைப்பது எப்படி என்ற தலைப்புடன் 1977ஆம் ஆண்டு 'டைம்' அட்டைப்படம் ஒன்று இணையத்தில் உலவத் தொடங்கியது. அது போலி. புவி வெப்பமேற்றத்தைப் பற்றி அவ்விதழ் 2007இல் வெளியிட்ட பென்குவின் அட்டையை எடுத்து, தேதியையும் தலைப்பையும் மாற்றியிருந்தார்கள்.

செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அங்குக் கூறப்படும் காரணம். வறட்சியும் வெள்ளமும் கடல் ஏற்றமும் பற்றிய தகவல்களில் அந்தத் தீங்கு நம் பிள்ளைகளின் காலம்வரை நீளக்கூடியது. ஆகவே முரண்பட்ட இரு தலைப்புகள் நம் கைக்கு வரும்போது, அடுத்தவருக்கு அனுப்புமுன் மூன்றைக் கேட்டுக்கொள்வோம்: தலைப்பில் விடுபட்ட நிபந்தனை என்ன? இது ஓர் ஆய்வின் முடிவா, பலவற்றின் முடிவா? இதைச் சொன்னவர் பின்னர் திருத்தியிருக்கிறாரா?